கொழுந்தனுக்குக் கொடுத்த பவர்

12.7.1993, திங்கள்
ஆவடி

அடுத்த வாரம் இவருக்கு இதய ஆபரேஷன். இன்று காலை தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போய், வானகரம் மனைக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் அவன் பேரில் பவர் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். என் ஓரகத்தி வாய்தவறிச் சொன்னதால் எனக்குத் தெரிந்தது. அந்த மனையை அலைந்து பார்த்து, பேசி முடித்தவளே நான்தான்.

சாப்பாடு போடும்போது கேட்டேன்.

“எனக்கு ஒண்ணுன்னா நீ அழுதுகினு உட்கார்ந்துடுவ. அவன்னா ஓடியாடி பார்த்துப்பான்.”

“நீங்க வடக்கே வேலையில இருந்தீங்களே, அத்தனை வருஷமும் நான் அழுதுகினா உட்கார்ந்திருந்தேன்?”

“அது வேற” என்றார். சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டே, “ஆபரேஷனுக்குப் பெண்சாதி கையெழுத்து வேணுமாம். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து போட்டுடு” என்றார்.

“அதையும் உங்க தம்பியே போடட்டும்.”

பிசைந்த சோற்றில் அவர் கை அப்படியே நின்றது.

போடத்தான் போகிறேன். அது அவருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் காலையில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனார்.

இப்போது நன்றாகத் தூங்குகிறார். மூச்சு சீராக வருகிறதா என்று இதற்குள் இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்துவிட்டேன்.