நாக்குக்கடியில் மிளகு

ஜூன் 9, 2025, திங்கள்

காலையில் கம்பெனியில் கரண்ட் இல்லை. பேண்டேஜ் சுற்றும் மிஷின் எல்லாம் நின்றுவிட்டது. பத்து மணிவரை எங்களைச் சும்மா உட்காரவைத்துவிட்டு, அந்த நேரத்தைச் சாயங்காலம் ஈடுகட்டச் சொன்னான் சூப்பர்வைசர். கரண்ட் போனது நாங்கள் செய்த குற்றம் மாதிரி.

வீட்டுக்கு வந்தால் அத்தை அப்பளத் தட்டுக்கு அடியில் ரிசல்ட் பேப்பரை வைத்திருக்கிறாள். எண்ணெய் பட்டிருந்தது. "என்ன போட்டிருக்கான்னு வாசி, ஏட்டி" என்றாள்.

இடது மார்பில் இருப்பது கேன்சர் கட்டிதான். பொங்கலில் இருந்தே இருந்திருக்கிறது, எனக்குக் காட்டியது போன மாதம். "வெறும் கட்டின்னு மட்டும் சொல்லு" என்று என் புருஷன் சதீஷ், வேலை பார்க்கிற ஓசூரில் இருந்து போனில் சொல்லியிருந்தான். அங்கே இருந்துகொண்டு எதையும் சொல்லலாம். அவனைப் பெற்றவள் முகத்துக்கு நேரே பொய் சொல்லவேண்டியது நானல்லவா. உள்ளதை வாசித்தேன்.

கேட்டுவிட்டு, "சரி, சாப்பிடு. சோறு ஆறுது" என்றாள்.

ஜூன் 12, வியாழன்

ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து சதீஷின் அண்ணன் பொன்னுராஜ் அத்தானும் அவர் சம்சாரம் பானு அக்காவும் வந்தார்கள். அத்தை அடுப்படியில்தான் இருந்தாள். ஆனாலும் அவள் ஊரிலேயே இல்லாத மாதிரிப் பேசினார்கள். எழுபத்தொரு வயதில் உடம்பு கத்தி தாங்காது, மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திரிக்காமலே போய்விடும், இருக்கிறவரை நிம்மதியாக இருக்கட்டும். இனிமேல் அந்தக் கட்டி இருந்தென்ன, போனாலென்ன என்றாள் பானு அக்கா.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தானுக்குப் போன வருஷம் முழங்காலில் ஆபரேஷன். அப்போது யாரும் அவரை நிம்மதியாக விடவில்லை, மதுரைக்கு ஓடினோம். வயசான பொம்பளைக்கு மட்டும்தான் இந்த நிம்மதியா?

நான் வாயைத் திறக்குமுன் அத்தை கரண்டியோடு வந்து நின்றாள்.

"ஏலே பொன்னு, பதினோரு வருசம் உங்கப்பன் படுக்கையில கெடந்தாரு. அம்புட்டையும் நாந்தான் அள்ளுனேன். இப்ப ரெண்டு வருசமாத்தான் நா பாட்டுக்கு எந்திரிக்கேன், நா பாட்டுக்கு பஸ் ஏறுதேன். எனக்கு இன்னும் பத்து வருசம் வேணும்லே."

சரி, மதுரையில் காட்டுவோம் என்றார் அத்தான். பிறகு எல்லாரும் சாப்பிட்டோம்.

ஜூன் 15, ஞாயிறு

அத்தை தனியாக அய்யனார் கோவில் போய் அருவியில் நின்றுவிட்டு ஈரத்தலையோடு வந்தாள். மாடிக்குத் துணி காயப்போட ஏறும்போது ஏழாவது படியில் நின்று சேலையைச் சரிசெய்தாள். எப்போதும் ஏழாவது படிதான். சேலை எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

ஜூன் 23, திங்கள்

மதுரை ஆஸ்பத்திரி. ஆபரேஷன் டாக்டர் முதலில் அத்தானிடமே பேசிக்கொண்டிருந்தார். "வலி அவங்களுக்குத்தான் சார், அவங்ககிட்ட பேசுங்க" என்றேன். முறைத்தார். ஆனால் நாற்காலியைத் திருப்பினார். அவர் சொன்னது: வயிற்றையோ நெஞ்சுக்கூட்டையோ திறக்கிற ஆபரேஷன் இல்லை, வயது மட்டும் தடை இல்லை. இதயம், நுரையீரல், சர்க்கரை இதெல்லாம் எப்படி இருக்கிறது என்பதுதான் கணக்கு. ஜூலை ஒன்றாம் தேதி மயக்க டாக்டர் பார்ப்பார், சரி என்றால் நான்காம் தேதியே ஆபரேஷன்.

பஸ்ஸில் அத்தை ஜன்னலோரம் பிடித்துக்கொண்டு, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி வந்தாள்.

ஜூலை 1, செவ்வாய்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

அத்தை இருபத்தொன்பது வருஷம் நூல் மில்லில் வேலை பார்த்தவள். மூச்சு முழுக்கப் பஞ்சுத்தூசி. வருஷத்துக்கு ஒருமுறை மில்லுக்கு டாக்டர் வருவாராம். அவர் முன்னால் இருமினவளுக்கு மறுநாள் ஷிப்ட் கிடையாது. அதனால் கடுங்காப்பி குடித்துவிட்டு, நாக்குக்கடியில் ஒரு மிளகை வைத்துக்கொண்டு, மூக்கால் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு விட்டுக்கொண்டு நிற்பார்களாம். மிளகு இருமலை அடக்குமாம். அவளோடு வேலை பார்த்த சமுத்திரத்துக்கு மட்டும் ஒரு வருஷம் அடங்கவில்லை, அன்றோடு அவளை நிறுத்திவிட்டார்கள். இதையெல்லாம் அத்தை சிரித்துச் சிரித்துத்தான் எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

இன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் முந்தானை முடிச்சை அவிழ்த்து எதையோ வாயில் போட்டாள். எனக்குத் தெரிந்துபோனது.

மயக்க டாக்டர் சின்ன வயதுப் பெண். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். இருமல் உண்டா என்று கேட்டாள், இல்லை என்றாள் அத்தை. படி ஏறினால் மூச்சு வாங்குமா?

"வாங்காது தாயி. நா மலையே ஏறுவேன்."

அந்தப் பெண் எழுதப் போனாள். பேனா பேப்பரில் படப் போகிறது. சொன்னால் ஆபரேஷன் நின்றுவிடும், அத்தை கேட்ட பத்து வருஷம் போய்விடும். சொல்லாவிட்டால் நாலாம் தேதி அந்த டேபிளிலேயே —

"பொய் சொல்றாங்க டாக்டர்" என்றேன். "விடியக்காலை நாலரைக்கு எழுந்திரிச்சு இருமுவாங்க. ஏழு படிக்கு மேல முடியாது. மில்லுல இருந்தவங்க."

டாக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டாள். பிறகு ஒரு மிஷினில் ஊதச் சொன்னார்கள். மூன்று முறை ஊதினாள். நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறதாம். தேதி ரத்து. முதலில் மூச்சைச் சரிசெய்யவேண்டும், அதுவரை கட்டி வளராமல் இருக்க மாத்திரை. அத்தையின் கட்டி அந்த ஹார்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படுகிற வகையாம்.

திரும்பும்போது வண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றதும் எழுந்துவிட்டாள்.

"நா பொன்னு வீட்டுல எறங்கிக்கிடுதேன். மில்லுல அம்புட்டு பேரு இருந்தோம், ஒருத்தி ஒருத்தியக் காட்டிக்குடுத்தது கெடையாது. நீ காட்டிக்குடுத்துட்டெ."

மாற்றுச்சேலைகூட இல்லாமல் இறங்கிப் போனாள். நான் ராஜபாளையம்வரை டிக்கெட் எடுத்திருந்தேன். இரண்டு பேருக்கும்.

ஜூலை 2, புதன்

சதீஷ் போனில், "நீ செஞ்சது சரிதான்" என்றான். சரியா தப்பா என்று நான் கேட்கவே இல்லை. அத்தை எப்போ வருவாங்கன்னுதான் கேட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

நாலரைக்குத் தானாக முழிப்பு வந்துவிடுகிறது. அந்த இருமலை எத்தனை நாள் தலையணையால் காதைப் பொத்திக்கொண்டு திட்டியிருக்கிறேன். இப்போது முழித்துக்கொண்டு காத்துக் கிடக்கிறேன். ஒன்றும் கேட்கவில்லை. ஒருத்தருக்கு மட்டும் சோறு வைக்கத் தெரியவில்லை, தினமும் மிஞ்சுகிறது. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் சதீஷோடு இருந்த நாட்களைவிட அவளோடு இருந்த நாட்கள்தான் அதிகம். அவன் இல்லாதது பழகிவிட்டது. இது பழகவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் என்ன, அமெரிக்காவிலா இருக்கிறது? அரை மணி நேர பஸ் தூரம். போய் நின்றால் என்ன செய்துவிடுவாள்? அதற்குத்தான் பயமாக இருக்கிறது.

ஜூலை 28, திங்கள்

ஆடிப்பூரத் தேர், லீவு. தேர் பார்க்கிற சாக்கில் போனேன். தேரைப் பார்க்கவில்லை. வாசலில் என்னைக் கண்டதும் அத்தை உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பானு அக்கா காப்பி கொடுத்தாள். மாத்திரை தவறாமல் போடுகிறாளாம், உறிஞ்சுகிற மருந்தும் எடுக்கிறாளாம். மூன்று பந்து போட்ட ஒரு டப்பா கொடுத்திருக்கிறார்கள், குழாய் வழியாக மூச்சை இழுத்தால் பந்து மேலே ஏறும். "கோவத்துல இழுக்காங்க செல்வி. எவளுக்கோ காட்டணும்னு இழுக்காங்க" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பானு அக்கா கெட்டவள் இல்லை, யாரோ சொன்னதைச் சொல்கிறவள்.

கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டேன். இழுக்கிற சத்தம், ஒரு பந்து டக்கென்று முட்டுகிற சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி ஒரு பந்து. இரண்டாவது பந்து ஏறவே இல்லை. காப்பி ஆறிவிட்டது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மாத்திரை கேட்காமல் கட்டி பெருத்தால்? அந்த வாயால்தானே நான் தேதியைக் கெடுத்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லையே. யாரும் கேட்காமல் நான் ஏன் சொன்னேன்? கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். தெரியவில்லை. ஒரு தடவை ஏட்டின்னு திட்டினாப் போதும்.

செப்டம்பர் 18, வியாழன்

ஆபரேஷன் முடிந்தது. உயிரோடு இருக்கிறாள்.

மூச்சு கொஞ்சம் தேறியிருந்தும் முழு மயக்கம் கொடுக்கவில்லை. முதுகில் ஊசி போட்டு அந்தப் பக்கத்தை மட்டும் மரத்துப்போக வைத்து, லேசாகத் தூங்கவைத்து எடுத்துவிட்டார்கள். ஜூலையில் இருந்த மூச்சுக்கு, தெரியாமல் முழு மயக்கம் கொடுத்திருந்தால் மூச்சு மிஷினில் இருந்து எடுக்க முடியாமல் போயிருக்கலாம் என்றாள் அந்த டாக்டர். அத்தான் என்னைப் பார்த்தார். ஜெயித்த மாதிரி ஒன்றும் இல்லை. அந்த மூச்சைத் தின்ற மில் இன்றைக்கும் மூன்று ஷிப்ட் ஓடுகிறது. அதை யார் ஊதச் சொல்லிப் பார்ப்பது?

செப்டம்பர் 19, வெள்ளி

அத்தைக்குப் புத்தி தடுமாறிவிட்டது. வயதானவர்களுக்கு ஆபரேஷன் முடிந்து இப்படி வருமாம், இரண்டு மூன்று நாளில் தெளியுமாம். நர்ஸ் சொன்னாள். சொன்னால் மட்டும் பயம் போகிறதா?

மத்தியானம் என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"ஏட்டி சமுத்திரம், மெளகு வச்சிருக்கியா? டாக்டரு வாரான். நீ எனக்குப் பின்னால வா. நா மறைச்சு நிக்கேன், நீ செத்த நேரம் இருமிக்கோ."

கையை விடவில்லை. இரண்டரை மாதம் கழித்து என்னிடம் பேசுகிறாள், நான் யாரென்று தெரியாமல். "சரிட்டி" என்றேன். வேறென்ன சொல்ல. அந்தக் கை எனக்கில்லை, தெரியும். எடுக்க மனம் வரவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

தெளிந்துவிட்டது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள், அடையாளம் தெரிந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டர் சந்தோஷப்பட்டார். நானும்தான்.

செப்டம்பர் 29, திங்கள்

அத்தையை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோய் மூன்று நாளாகிறது. காயத்தைப் பார்த்ததும் பானு அக்காவுக்குத் தலை சுற்றிவிட்டது. அத்தானை அத்தை கிட்டவே விடவில்லை. "ராஜபாளையத்துக்காரிய வரச் சொல்லு" என்றாளாம். பெயர் சொல்லவில்லை. ஷிப்ட் முடிந்து நேரே பஸ் ஏறினேன்.

நான் போனதும் ஜாக்கெட் கொக்கியைக் கழற்றினாள். மார்பு இருந்த இடத்தில் ஒரு சாய்ந்த கோடு. துடைத்தேன், கட்டினேன். நாங்கள் கம்பெனியில் செய்கிற அதே துணி.

அக்டோபர் 6, திங்கள்

தினமும் சாயங்காலம் போகிறேன். "தண்ணி எடு", "மெள்ள" இவ்வளவுதான் பேச்சு. காலையில் அத்தானோடு போய் மதுரையில் காட்டிவிட்டு வந்திருக்கிறாள். மாத்திரையை அஞ்சு வருஷம் சாப்பிடணும் என்றார்களாம். உடனே அத்தை விரலை மடக்கி எண்ணினாளாம், எழுபத்தாறு வரை. பானு அக்கா சொன்னாள்.

கை இறுகிப்போகாமல் இருக்க, சுவரில் விரலால் நடந்து மேலே ஏறவேண்டும். எவ்வளவு உயரம் போகிறதென்று நான் பென்சிலால் கோடு போடுகிறேன். டாக்டர் கேட்பார். இன்று நேற்றைய கோட்டுக்கு நாலு விரற்கடை கீழேயே நின்றுவிட்டது. அலைந்த களைப்பு. மூச்சு வாங்கியது. சேலையைச் சரிசெய்யவில்லை, வாயைத் திறந்தே வாங்கினாள்.

"மேல போடு கோட்ட" என்றாள்.

விரல் நின்ற இடத்தில் போட்டேன்.

கோட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "கிறுக்கி" என்றாள். செத்த நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, கையை மறுபடி கீழே இருந்து வைத்தாள்.