பானை வாயில் ஸ்பீக்கர்

ஏனுங்க,

துடியலூரில் அக்கா மகள் சீருக்குப் போகிறேன், சாயங்காலம் வந்துவிடுவேன். அரிசிம்பருப்புச் சாதம் மூடி வைத்திருக்கிறேன். தண்ணீர் குடத்தில் இருக்கிறது. வெயிலுக்கு நீங்கள் ஆசையாக வாங்கி வந்த மண்பானையைத் தேட வேண்டாம். அது பீரோ மேல், வாயில் ஸ்பீக்கரோடு உட்கார்ந்திருக்கிறது.

ஆமாம், தபாலில் ரேடியோ மெக்கானிசம் படித்த உங்கள் மனைவி ஆம்ப்ளிஃபயர் செய்து முடித்துவிட்டாள். கேசட் போட்டால் பாட்டைவிட உறுமல்தான் பெரிதாகக் கேட்கிறது. கேசட்டை எடுத்துவிட்டால் அதே ஸ்பீக்கரில் வானொலி கேட்கிறது, காய்கறி விலை சொல்கிறார்கள். அதை மட்டும் நான் செய்யவில்லை, தானாக வருகிறது.

"இது ஆவறதில்ல அம்மணி, கடையிலயே வாங்கிப்போடலாம்" என்று நேற்று நீங்கள் சொன்னதற்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். இப்போது எந்த மூஞ்சியை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் தகரத்தில் கை வைத்தால் உறுமல் நின்று பாட்டு சுத்தமாக வருகிறது. எடுத்தால் மறுபடியும் உறுமல். ஒரு கையால் வெங்காயம் உரித்துப் பார்த்தேன், முடியவில்லை.

துளசிமணி

நான் வரும்வரை பிளக்கைச் சொருகிவிடாதீர்கள்.

வந்ததும் நீங்கள் பெட்டியில் கை வையுங்கள், நான் பாட்டுக் கேட்கிறேன். உங்கள் இன்னொரு கை சும்மாதானே இருக்கும்?