மேலே நிற்கும் தண்ணீர்

நேற்று மழை. காலையில் கிணற்றடிக்குப் போனால் ஈரக்கல்லும் கயிறும் கலந்த அந்த வாடை. வாளியைத் தொபீரென்று போடக் கையை ஓங்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். நீ போய்ச் சேர்ந்த பிறகும் என் கையைப் பிடிக்கிறாயே, ஓரகத்தி.

தாமிரபரணி கடலைத் தொடுகிற ஊரிலிருந்து ரெட்டியார்சத்திரத்துக்கு, என் கொழுந்தனுக்கு வாக்கப்பட்டு வந்தாய் நீ. ஆறென்றால் மணல்தான் என்றிருந்தவள் நான். ஆறு கடலில் விழுகிற இடம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். ஆறு எங்கே விழுகிறது, தாழ்ந்த நிலம் பார்த்துக் கடல்தான் ஆற்றுக்குள் ஏறி வந்து உட்கார்ந்துகொண்டது என்றாய். "உன்னைய மாதிரின்னு சொல்லு" என்றேன். அன்றைக்கு ஒட்டிக்கொண்டோம்.

ஆறும் கடலும் சேரும் கழிமுகத்தில் தண்ணீர் எத்தனை வகையாகக் கலக்கும் என்று நீ சொன்னதை நம் வீட்டு ஆட்களை வைத்துத்தான் மனப்பாடம் செய்தேன். வெள்ளக் காலத்தில் நல்ல தண்ணீர் மேலே ஓட, கனத்த உப்புத் தண்ணீர் அடியில் நுழையும். அது சிரித்தபடியே மனசில் வைத்திருக்கும் பெரிய நாத்தனார். ஆறு இளைத்த நாளில் கடல் ஏறினால் இரண்டும் அடியோடு கலங்கிவிடும்; அது நான். மணல் வந்து வாயை அடைத்தால் உள்ளே இருப்பது வெளியே போகாது, அது மாமியார். நீ எந்த வகை என்றால் மட்டும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாய்.

என் மகளைப் பார்க்க ஒட்டன்சத்திரத்துக்காரர்கள் வந்தது நினைவிருக்கிறதா? அதற்கு முன் வந்தவர்கள் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, உப்புக் கிணற்று வீட்டில் சம்பந்தம் வேண்டாமென்று போனவர்கள். இந்த இடமும் கைவிட்டுப் போகுமோ என்று விடியுமுன்னே கிணற்றடிக்கு ஓடினேன். முந்தின நாள்தான் மழை பெய்திருந்தது. வாளியை எறியப் போன என்னைத் தடுத்தாய்.

"எக்கா, கலக்கிராதீக. மழைத்தண்ணி மேலதான் நிக்கும்."

கயிற்றை விரல் விரலாக விட்டு, வாளியின் வாய் மட்டும் நனையும்படி மொண்டாய். முதல் தம்ளரை நீயே ருசி பார்த்துத் தலையாட்டினாய்.

மாப்பிள்ளையின் அம்மா காப்பி குடித்துவிட்டு, "ஏனுங்க, தண்ணி நல்லா இருக்குதுங்களே" என்றார். நான் வாயைத் திறக்குமுன் நீ முந்திக்கொண்டாய்.

"மேலதாம்மா நல்ல தண்ணி. கீழ உப்பு."

அந்த அம்மா தம்ளரைச் சாய்த்து அடியைப் பார்த்தார். "எல்லா வீடும் அப்படித்தானுங்க" என்று மிச்சத்தையும் குடித்தார். அந்த மாசமே தாம்பூலம் மாற்றினோம்.

இப்போது மகள் அவள் வீட்டில். எனக்குத் தோளும் முதுகும் ஒத்துழைப்பதில்லை. வாளியைப் போட்டு இழுத்தால் வேலை சீக்கிரம் முடியும். இருந்தாலும் கயிற்றை விரல் விரலாகத்தான் விட்டேன். ஒரு குடம் நிறைந்தது. முதல் தம்ளரை மொண்டு, நீ உட்காருகிற கல்லில் வைத்திருக்கிறேன். தலையாட்டத்தான் ஆளில்லை.