புதிய கருவி அறிமுக நாளில் என் கணவரின் விமானம் வீழ்த்தப்பட்டது குறித்து

அனுப்புநர்:
குவாபரா மிட்சுயோ (வயது 53),
பள்ளி உணவுக்கூடச் சமையல் பணியாளர்,
கீழ்க்கரைப் பகுதி,
மிசுஹரா நகர்.

பெறுநர்:
அலுவலகத் தலைவர் அவர்கள்,
தொமி ஆற்றுப் படுகைப் பராமரிப்பு அலுவலகம்,
மிசுஹரா நகர்.

பொருள்: தொமி ஆற்றுப் படுகையில் மாதிரி விமானங்கள் பறக்கவிடத் தங்கள் அலுவலகம் ஆண்டுதோறும் வழங்கிவரும் இட அனுமதியை இம்முறை புதுப்பிக்க வேண்டாம் எனக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

பொம்மை விமானம் ஒன்று விழுந்ததற்காக ஒரு பெண் அரசு அலுவலகத்துக்கு மனு எழுதுகிறாளே என்று தங்களுக்குத் தோன்றலாம். முழுவதும் படித்த பிறகு அப்படித் தோன்றினால் எனக்கு வருத்தமில்லை. படிக்குமுன் தோன்ற வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

1. என் கணவர் குவாபரா யோஷிகி கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தகடு அழுத்தும் இயந்திரத்தில் வேலை பார்த்தவர். நான்கு குளிர்காலத்துக்கு முன்பு அந்த இயந்திரம் அவருடைய இடது கையின் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. அதன்பின் அவரை அட்டைப்பெட்டி அடுக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். அவர் இடது கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டே நடக்கப் பழகினார். வெளியே சாப்பிட அழைத்தால் வரமாட்டார். என் தங்கையின் மகள் திருமணத்துக்குக்கூட வரவில்லை.

2. அந்தக் கை வெளியே வந்தது தங்கள் ஆற்றுப் படுகையில்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கரைமேல் நின்று விமானங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவரை, மாதிரி விமானச் சங்கத்தின் தலைவர் முரோய் தகாஹிசா கீழே கூப்பிட்டு ரிமோட்டைக் கையில் கொடுத்தாராம். வீட்டுக்கு வந்து இரண்டு கைகளையும் ஆட்டி ஆட்டி எனக்கு அதை விவரித்தார். தங்கள் அனுமதிப் பத்திரம் இந்த முரோயின் பெயரில்தான் இருக்கிறது. எங்கள் ஊரில் மாதிரி விமானக் கடை நடத்துபவரும் இவர் ஒருவரே. அன்று இவருக்காக நான் கோயிலில் கும்பிட்டேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

3. புதிதாக வந்திருந்த ஒரு விமானக் கட்டுமானப் பெட்டியை முரோயே என் கணவருக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். “இதப் பாருங்க குவாபரா. எல்லாம் லேசர்ல வெட்டின கட்டை. ஒண்ணோட ஒண்ணு தானாப் போய் உக்காந்துக்கும். எட்டு விரலே தாராளம்” என்று அவர் கடையில் வைத்துச் சொன்னபோது நானும் உடனிருந்தேன். கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். என் கணவரும் சேர்ந்து சிரித்தார். அன்று முதல் சங்கத்தில் அவர் பெயர் ‘எட்டு’.

4. அந்தப் பெட்டி எங்கள் சாப்பாட்டு மேசையை எடுத்துக்கொண்டது. குளிர்காலத்திலிருந்து கோடை முடியும்வரை நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பால்சா என்ற லேசான கட்டையின் சட்டங்களை அவர் முகவாயாலும் முழங்காலாலும் பிடித்துக்கொண்டு ஒட்டுவார். அதற்கும் அடங்காதவற்றை நான் பிடித்துக்கொள்வேன். இறக்கை வளையாமல் காய்வதற்கு அதன்மேல் அரிசிப் பையை வைத்தோம். வேலைக்குப் போகுமுன் விரலில் ஒட்டிய பசையை நான் சுரண்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, “உன் விரலும் இதுல ரெண்டு சேர்த்தி. அப்ப கணக்குச் சரியாப் போச்சு” என்றார். விரல்களைப் பற்றி அவராக வாய் திறந்தது அதுதான் முதல் முறை. மேலே போர்த்தச் சோளமஞ்சள் நிறப் பிளாஸ்டிக் படலத்தைத் தேர்ந்தெடுத்து இஸ்திரிப் பெட்டியால் சூடாக்கி ஒட்டினார். நாணலுக்குள் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியுமாம்.

5. கற்றுக்கொள்பவர்களுக்காக இரண்டு ரிமோட்களை இணைக்கும் முறை ஒன்று உண்டு. ஒன்று கற்பவரிடம், மற்றது கற்பிப்பவரிடம். கற்பிப்பவர் தம் ரிமோட்டின் மேல் உள்ள விசையை அழுத்திப் பிடித்திருக்கும்வரை விமானம் கற்பவர் சொல் கேட்கும். விசையை விட்டுவிட்டால் அந்த நொடியே விமானம் கற்பிப்பவர் கைக்குப் போய்விடும். கற்பவர் தம் ரிமோட்டில் என்ன செய்தாலும் பயனில்லை. சங்கத்தின் பழைய பயிற்சி விமானத்தில் என் கணவர் கோடை முழுவதும் இப்படித்தான் பழகினார். கடைசி வாரங்களில் இணைப்பே இல்லாமல் ஏற்றினார், இறக்கினார். நான் என் கண்ணால் பார்த்தேன்.

6. கடந்த இலையுதிர்காலத்தில் அதே படுகையில் ‘புதிய கருவி அறிமுக நாள்’ நடந்தது. தங்கள் அலுவலகத்திலிருந்தும் ஒருவர் வந்து வாழ்த்திப் பேசினார். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து நிறைய பேர் வந்திருந்தார்கள். மேசைகளில் புதுப் பெட்டிகள், மோட்டார்கள், பேட்டரிகள் பரப்பியிருந்தன. அவற்றில் முக்கியமானது, காற்றடித்தாலும் விமானத்தைத் தானாகச் சமன்படுத்தும் ஒரு சிறு கருவி. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அதை அறிமுகம் செய்யுமுன் என் கணவரின் மஞ்சள் விமானத்தை முதலில் ஏற்றலாம் என்று முரோய் ஒலிபெருக்கியில் அறிவித்தார். இது என் கணவருக்குக் கிடைத்த மரியாதை என்று நாங்கள் இருவரும் நினைத்தோம். “கூட்டம் அதிகமா இருக்கு. பாதுகாப்புக்கு ரெண்டு ரிமோட்டையும் இணைச்சுக்குவோம்” என்றார். என் கணவர் தலையாட்டினார்.

7. நான் சோற்றுப் பெட்டிகளுடன் முரோயின் தோளுக்குச் சற்றுப் பின்னால், அவர் கைகள் தெரியும் இடத்தில் நின்றிருந்தேன். விமானம் ஏறியது. ஆற்றின் மேலாகப் போய்த் திரும்பி இரண்டு சுற்று வந்தது. மகிழ்ச்சி வந்தால் என் கணவருக்குக் காது சிவக்கும்; அன்று சிவந்திருந்தது. மூன்றாவது சுற்றில் முரோயின் ஆள்காட்டி விரல் விசையிலிருந்து விலகியது. பிறகு அவருடைய கட்டைவிரல் ரிமோட்டின் குச்சியைப் பக்கவாட்டில் ஒரே தள்ளாகத் தள்ளியது. விமானம் புரண்டு தலைகீழாகி, கூட்டத்துக்கு எதிரே சரளைக்கல்லில் மூக்குக் குத்தி விழுந்தது. விழும்வரை என் கணவர் தம் ரிமோட்டை அழுத்திக்கொண்டே, “கேக்கல! தலைவரே, சொன்னது கேக்கல!” என்று கத்தினார். முரோய் ஒலிபெருக்கியை எடுத்தார். “பாத்தீங்களா? கையில பிடிமானம் இல்லேன்னா இப்படித்தான். பாவம், அவரத் திட்டாதீங்க. இந்தக் கருவி மட்டும் உள்ள இருந்திருந்தா அந்த விமானம் இப்ப மேல இருக்கும்.”

8. அடுத்து, அதே வகை விமானத்தில் அந்தக் கருவியைப் பொருத்தி அவரே ஏற்றினார். நடுவானில் இரண்டு கைகளையும் ரிமோட்டிலிருந்து எடுத்து உயர்த்திக் காட்டினார். விமானம் அசையாமல் போனது. கைதட்டல் எழுந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மேசையிலிருந்த கருவிகள் விற்றுத் தீர்ந்துவிட்டன. அந்த நேரமெல்லாம் என் கணவர் முழங்காலில் நின்று சரளையிலிருந்து மஞ்சள் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பொறுக்கி முடித்ததும் கூட்டத்தின் முன்னால் வந்து, நிகழ்ச்சி தாமதமானதற்காக இடுப்பு வளையக் குனிந்து மன்னிப்புக் கேட்டார். அதற்கும் சிலர் கைதட்டினார்கள்.

9. நான் கண்டது இன்னதென்று அப்போது எனக்கு விளங்கவில்லை. குளிர்காலத் தொடக்கத்தில் முரோயின் கடை வழியாகப் போனபோது, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு திரையில் என் கணவரின் முகம் தெரிந்தது. விமானம் விழுகிறது, அவர் வாய் பிளந்து கத்துகிறார், குனிந்து மன்னிப்புக் கேட்கிறார், மறுபடியும் விமானம் விழுகிறது. கீழே ‘கருவிக்கு முன்’ என்று எழுதியிருந்தது. பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் படத்தை எடுத்தவர் ஒகிட்சு என்ற சங்க உறுப்பினர். அவர் வீட்டுக்கே போய், நான் பார்த்த விரலையும் கட்டைவிரலையும் பற்றிச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. “அக்கா, பழைய ஆளுங்க எல்லாருக்கும் தெரியும். முந்தின நாளே பேசி வெச்சதுதான். ஒரு சிரிப்பா இருக்கும்னு நெனச்சோம். அவரு அப்படிக் குனிஞ்சு நிப்பாருன்னு யாரு கண்டா?” என்றார். விசை என்ன செய்யும் என்பதையும் அவர்தான் எனக்கு விளக்கினார்.

10. மறுநாள் தங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் புகார் தெரிவித்தேன். இது உறுப்பினர்களுக்கு இடையிலான விஷயம், சங்கத்திடம் விசாரிக்கிறோம் என்றார்கள். விசாரித்த விதத்தைத் தாங்கள் அறிய வேண்டும். அந்த வார ஞாயிற்றுக்கிழமை, நானும் நின்றிருக்க, எல்லோர் முன்னிலையிலும் முரோய் என் கணவரைப் பார்த்து, “என்ன எட்டு, உங்க வீட்டம்மா ஆத்து ஆபீசுக்குப் போன் போட்டாங்களாமே! நான்தான் உங்க விமானத்தத் தள்ளிவிட்டேனாம்!” என்றார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான் உள்ளுக்குள் வைத்திருந்ததை என் கணவர் முதன்முதலில் கேட்டது அந்த வாயிலிருந்துதான். அதற்குத் தங்கள் அலுவலகமே காரணம்.

11. அதற்கடுத்து நடந்ததைச் சங்கம் நிச்சயம் தங்களிடம் சொல்லும். ஆகவே நானே எழுதிவிடுகிறேன். என் கணவர், “தலைவரே, அது நெசமா?” என்று மட்டும் கேட்டார். முரோய் புதிதாகக் கட்டிய விமானம் ஒன்றைத் தரையில் வைத்து, ரிமோட்டை அவரிடம் நீட்டினார். “நெசமோ பொய்யோ, இந்தாங்க. இணைப்பு இல்ல, கருவி இல்ல. யாரும் உங்களத் தொடல. ஓட்டிக் காட்டுங்க.” சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். வாங்க போயிடலாம் என்று நான் என் கணவரின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் உதறிவிட்டார். விமானம் ஏறியது. முதல் திருப்பத்திலேயே அவர் குச்சியை அளவுக்கு மீறி அங்குமிங்கும் தள்ளுவதை நான் பார்த்தேன். விமானம் பக்கத்துக்குப் பக்கம் சாய்ந்தது. நேராக ஆற்றுக்குள் போய் விழுந்தது. இந்த முறை யாரும் தள்ளிவிடவில்லை, ஐயா. ஒருவரும் சிரிக்கவும் இல்லை. முரோய்தான் அவர் தோளில் தட்டி, “சரி விடுங்க. என் கையால ஒண்ணு, உங்க கையால ஒண்ணுன்னே வெச்சுக்குங்க. இப்ப ரெண்டு பேர் கதையும் சமமாச்சு” என்றார். அதன்பிறகுதான் சிரித்தார்கள்.

12. அத்துடன் அவர் அங்கே போவதை நிறுத்திவிட்டார் என்று எழுத ஆசைப்படுகிறேன். அவர் இன்னமும் ஒவ்வொரு ஞாயிறும் போகிறார். மார்புவரை வரும் ரப்பர் உடையை மாட்டிக்கொண்டு கரையோரம் நிற்கிறார். யாருடைய விமானமாவது நாணலிலோ தண்ணீரிலோ விழுந்தால், “எட்டு, எடுத்துட்டு வா!” என்று குரல் கொடுப்பார்கள். இறங்கி எடுத்துவந்து, துடைத்து, இரண்டு கைகளாலும் நீட்டுவார். ஒரு டப்பா காப்பி கிடைக்கும். கடந்த மாசிக் குளிரில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுவிட்டு வந்து, உதடு நீலம் பாரித்துக் காய்ச்சலில் கிடந்தார். போக வேண்டாம் என்று அழுதேன். “அங்க போகலேன்னா நான் வேற எங்க போறது? அங்க எனக்குன்னு ஒரு வேலை இருக்கு. ஒன்னக் கும்பிட்டுக் கேக்கறேன், இதுக்கு மேல ஒண்ணும் செஞ்சிடாத” என்றார்.

13. அவர் அவ்வளவு கேட்டும் இம்மனுவை எழுதுகிறேன். முரோயின் பெயரிலோ வேறெவர் பெயரிலோ அந்த இடத்துக்கான அனுமதியை இனி வழங்கக் கூடாது. கடைத் திரையில் ஓடும் அந்தப் படத்தை நிறுத்துவது தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்பதை அறிவேன். ஆற்றுப் படுகை தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டது. தவறே செய்யாத உறுப்பினர்களும் பாதிக்கப்படுவார்களே என்று தாங்கள் கேட்கலாம். அன்று அங்கே நின்றவர்களில் சிரிக்காத ஒருவரை எனக்குக் காட்டினால், அவருக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

14. அனுமதி போனால் என் கணவருக்குப் போக இடம் இருக்காது என்பதையும் நன்கு யோசித்துவிட்டேன். அவருடைய கை மறுபடியும் சட்டைப்பைக்குள் போய்விடலாம். என்னுடன் பேச்சையும் நிறுத்திவிடலாம். அவர்களுக்காக அவர் தண்ணீரில் இறங்குவதைப் பார்ப்பதைவிட, என்னை வெறுத்துக்கொண்டு அவர் வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க என்னால் முடியும். இது அன்பு இல்லை என்று யாராவது சொன்னால் நான் வாதாட மாட்டேன்.

ஆகவே, அடுத்த மாதம் தங்கள் பார்வைக்கு வரும் புதுப்பித்தல் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்து ஆணையிடுமாறு வேண்டிக்கொள்கிறேன். அந்த ஆணையில் காரணம் குறிப்பிடுவதாக இருந்தால், புகார் அளித்தவர் இன்னார் என்று என் முழுப் பெயரையும் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். யாரை வெறுப்பது என்று தெரியாமல் என் கணவர் மறுபடியும் தம் கையையே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

நாள்: ரெய்வா ஏழாம் ஆண்டு (2025), ஜூன் 9
இடம்: மிசுஹரா நகர்

இங்ஙனம்,
தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
குவாபரா மிட்சுயோ
(கையெழுத்தும் பெயர் முத்திரையும் என்னுடையவை மட்டுமே. என் கணவருக்கு இம்மனு பற்றித் தெரியாது.)