பின்சீட்டுக்காரர்

அன்பு வாலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சளி காய்ச்சல் ஏதுமில்லாமல், சண்டைக்கு மட்டும் குறைவில்லாமல் இருக்கிறோம். நீயும் அந்த ஒற்றை அறையில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருக்கிறாய் என்றே நம்புகிறேன். முதலில் சேதி, நாவலை முடித்துவிட்டேன்! பதிப்பாளர் நேற்று போன் செய்து "ஒரு வரிகூட வெட்டப்போறதில்லம்மா" என்றார். "விடும்மா, உலகமே பயந்து கெடக்கு, இப்போ யாரால எழுத முடியும்" என்றாயே, இப்போது என்ன சொல்கிறாய்?

நான் எழுதியதெல்லாம் ஆபீஸ் போகிற பஸ்ஸில்தான் என்று உனக்குத் தெரியும். ஜன்னலோரம் உட்கார்ந்து, பின்சீட்டில் யாரோ யாரையோ போனில் திட்டுவதைக் கேட்டுக்கொண்டே எழுதுவேன், ஸ்டாப் வந்தால் பாதி வாக்கியத்தில் இறங்கிவிடுவேன், மிச்சம் மறுநாள் தானாக வரும். ஊரடங்கில் பஸ் நின்றது, பேனாவும் நின்றது. உன் பழைய மேஜை, மூடிய கதவு, சத்தமில்லாத வீடு, எல்லாம் இருந்தும் ஒரு வரி வரவில்லை. செய்தி பார்ப்பதும் கை கழுவுவதுமாகப் பொழுது போனது. வீட்டைவிட்டுக் கிளம்பப் பெட்டியோடு வாசலுக்கு வந்த என் கதாநாயகி வாரக்கணக்கில் அங்கேயே நின்றாள். இனி எழுதவே வராதோ என்று பயந்துபோய், குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அப்பா காதில் அது விழுந்திருக்க வேண்டும். மறுநாள் காலை பார்த்தால், கூடத்து ஜன்னலோரம் இரண்டு நாற்காலிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, பின்னதில் மனுஷன் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார். "ஏறு ஏறு, வண்டி கிளம்பப்போகுது" என்றார். பைத்தியமா என்று கேட்டுக்கொண்டே செருப்பும் கைப்பையுமாகப் போய் உட்கார்ந்தேன். உடனே போனைக் காதில் வைத்து, இல்லாத மச்சான் ஒருவனை வாங்கு வாங்கென்று வாங்கினார். எனக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அப்புறம்தான் ஜன்னலைப் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரர் துவைத்த முகக்கவசங்களைப் பெரிசிலிருந்து சிறிசாகக் கொடியில் வரிசை கட்டிக்கொண்டிருந்தார். இத்தனை நாள் அது என் கண்ணில் படவே இல்லை. பேனாவை எடுத்தேன், கதாநாயகி படி இறங்கினாள். நல்ல கட்டத்தில் "ஸ்டாப் வந்தாச்சு, இறங்கு" என்று கிளப்பிவிட்டார். வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் மறுநாள் அந்தப் பாதி வாக்கியம் எனக்காகக் காத்திருந்தது.

அன்றிலிருந்து தினமும் அதே வண்டி. மச்சானுக்குப் பெண்டாட்டி, மாமியார், கோர்ட் கேஸ் எல்லாம் வந்துவிட்டது, அதில் பாதி நாவலில் இருக்கிறது. கடைசி அத்தியாயத்தன்று இறங்கச் சொன்னபோது, "இன்னைக்குக் கடைசி ஸ்டாப் வரைக்கும் போறேங்க" என்றேன். மச்சானை விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் கூடவே வந்தார்.

நீயும் எழுத வரவில்லை என்று மேஜையை முறைத்துக்கொண்டு உட்காராதே. ஜன்னலைத் திறந்து எதிரே யார் என்ன செய்கிறார்கள் என்று பார். முகக்கவசத்தை மூக்குக்கு மேலே போடு, தாடைக்கு அல்ல. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போன் செய், பாவம், திட்டுவதற்கு ஆளில்லாமல் கை ஒடிந்த மாதிரி இருக்கிறார். நோய்நொடி அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், நினைத்ததெல்லாம் எழுத வேண்டும்.

சொல்ல மறந்தேன். புத்தகத்தின் முதல் பக்கத்தை இன்று காலை அவரிடம் நீட்டினேன். "பின்சீட்டில் உட்கார்ந்திருந்தவருக்கு" என்று சமர்ப்பணம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி படித்தார், மறுபடி துடைத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "யாருடி அவன்?" என்கிறார்.

ஆசிகளுடன்,
உன் அம்மா