சிவப்பு வளையம் போட்ட மரங்கள்

மேல் டிவிஷன்,
தெரணியகலை.
12.08.2004

அன்புள்ள மகன் அஜந்தனுக்கு,

அம்மா வெள்ளையம்மா எழுதுவது. நீ கத்தாரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் வாடாமல் இருக்க வேண்டும் என்று முருகனைக் கும்பிட்டுக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நான் உயிரோடு இருக்கிறேன், உன் தங்கச்சி சுதர்ஷினியும் உயிரோடு இருக்கிறாள். இப்போதைக்கு அதுதான் சுகம். பளீல் முதலாளியின் கடைப் போனில் நீ கத்தினது ரோட்டில் போனவர்களுக்கெல்லாம் கேட்டது. அடுத்த மாதத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டேன், வந்து மாமாவின் இரண்டு கையையும் எடுக்காமல் விடமாட்டேன் என்றாய். நான் பேச வாய் திறப்பதற்குள் லைன் அறுந்துவிட்டது. நீ கேட்டது பாதி. முழுதையும் எழுதுகிறேன். படித்து முடிக்கும் வரைக்கும் அந்த டிக்கெட்டைக் கையில் தொடாதே.

பழைய பங்களாவைக் கொழும்புக் கம்பெனி ஒன்று எடுத்து வெள்ளைக்காரர் தங்கும் இடமாக மாற்றியது உனக்குத் தெரியும். அங்கிருந்து நீர்வீழ்ச்சி வரைக்கும் தோட்டத்துக்குள்ளே பாதை போடப் போவதாகச் சொன்னார்கள். நடக்கிறவர்களும் போகலாம், சைக்கிளும் போகலாம், குதிரையும் போகலாம், ஞாயிற்றுக்கிழமையில் நம் சனங்களும் போய்வரலாம் என்றார்கள். அந்தப் பாதைக்குப் படம் போடுகிற வேலைக்குத்தான் நம் சுதாவை எடுத்தார்கள். பிள்ளை ஒரு மாதமாக அட்டைக்கடியோடு மலை முழுக்க அலைந்து, நடக்கிறவர்களுக்குக் கோயில் படிக்கட்டு, சைக்கிளுக்குப் பழைய வண்டிப் பாதை, குதிரைக்கு ரப்பர் மலை ஓரம் என்று பிரித்துப் படம் போட்டாள். கொழும்பு ஐயா குதிரையை நாம் குடிதண்ணி பிடிக்கிற பீலிப் பக்கமாகக் கொண்டுபோகச் சொன்னாராம். குதிரைச் சாணி கரைந்த தண்ணியை நீங்க குடிப்பீங்களா சேர் என்று முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறாள். மனுசன் உடனே பாதையை மாற்றினார். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையை எழுத முடியாது.

பிறகுதான் வந்தது வினை. பாதை எங்கே போகிறது என்று தெரிவதற்கு மரங்களில் அடையாளம் போட வேண்டுமாம். ஐயா சிவப்புப் பெயின்ட் வாங்கிக் கொடுத்திருக்கிறார். சுதாவும் மத்தியானம் எல்லோரும் வேலை முடித்து வீட்டுக்கு வந்த பிறகு, மலை ஓரத்து மரங்களுக்கெல்லாம் நெஞ்சு உயரத்தில் அழகாகச் சிவப்பு வளையம் சுற்றிவிட்டு வந்தாள். ரப்பர் மரத்தில் சிவப்பு வளையம் என்றால் என்ன என்று நம் லயத்து வீடுகளில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். சாகப்போகிற மரத்துக்குத்தான் அதைப் போடுவார்கள். ஆனால் சுதாவுக்குத் தெரியாது. ஆறாம் வகுப்பிலிருந்து கேகாலையில் விடுதியில் படித்த பிள்ளை. லீவுக்கு வந்தாலும் ரப்பர் மலைக்குள் காலை வைக்க நான் விட்டதில்லை. கொழும்பு ஐயாவுக்கும் தெரியாது. தோட்டம் நடத்துகிற தொரையிடம் கேட்டார்களா, காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டில் ஒரு வார்த்தை சொன்னார்களா என்றால் அதுவும் இல்லை.

மறுநாள் காலையில் பால் வெட்டப் போன உன் மாமா அழகமுத்து பார்த்தான், அவனுடைய மரம் அத்தனையிலும் சிவப்பு. பிறகு கேட்க வேண்டுமா. மலையைத் தறிக்கப் போகிறார்கள், ஆள் குறைக்கப் போகிறார்கள், லயத்தை இடித்துக் குதிரை லாயம் கட்டப் போகிறார்கள் என்று ஒன்றுக்கு மூன்றாகப் பரவிவிட்டது. பால் எடுக்கிற நேரத்தில் ஆட்கள் மன்னாக்கத்தியும் மண்வெட்டியுமாக ரோட்டில் திரண்டுவிட்டார்கள். அந்த நேரம் பார்த்தா சுதா வர வேண்டும்? குதிரை திரும்புவதற்கு அகலம் காணுமா என்று பார்க்க, நுவரெலியாவிலிருந்து கொண்டுவந்த செவலைக் குதிரையோடும் குதிரைக்காரனோடும் சைக்கிள் பையன்கள் இருவரோடும் வந்தாள். யாரு பூசுனது என்று மாமா கேட்டானாம். நான்தான் மாமா, இது பாதைக்கு அடையாளம் என்று இவள் சொல்லியிருக்கிறாள். நான்தான் என்றது மட்டும் எல்லார் காதிலும் விழுந்தது, மிச்சம் சத்தத்தில் போய்விட்டது.

சைக்கிளைப் பிடுங்கி மண்வெட்டியால் போட்டு நொறுக்கினார்கள். குதிரைக்காரனை இழுத்துக் கீழே தள்ளி மிதித்தார்கள், பாவம், அவன் வாயிலிருந்து பல்லோடு ரத்தம் கொட்டியது. மிரண்ட குதிரை இரண்டு காலில் எழும்பி உதைத்ததில் கீழ் லயத்து ராமச்சந்திரனின் விலா எலும்பு போய்விட்டது. சொந்த ரத்தமே நம்மள வித்துருச்சுடா என்று கத்திக்கொண்டு உன் மாமா மன்னாவை ஓங்கிக் குதிரையின் காலுக்கு வீசினான். சுதா கயிற்றைப் பிடித்து இழுத்துக் குறுக்கே கையை நீட்டிவிட்டாள். வலது கை. சுண்டு விரலும் மோதிர விரலும் ரோட்டில் கிடந்தன மகனே. என் கண்ணால் பார்த்தேன். அவள் பெரிய மனுஷி ஆன சடங்கில் தாய் மாமன் முறைக்கு இதே அழகமுத்து உட்கார்ந்து கண்ணாடி வளையல் போட்டுவிட்ட கை அது.

நான் நிறைந்த பால் வாளியோடு மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. வாளியோடு சேர்த்து அவன் மண்டையில் அடித்தேன். விழுந்தான். விழுந்த பிறகும் அடித்தேன். பாலும் ரத்தமும் அவன் முகத்தில் ஒழுகுவதைப் பார்த்துப் பார்த்து, வாளி ஒடுங்கிப் போகும் வரைக்கும் அடித்தேன். நாலு பேர் சேர்ந்து என்னைப் பிடித்து இழுத்தார்கள். இல்லாவிட்டால் இன்றைக்கு இந்தக் கடிதத்தை மறியல் கம்பிக்குள் இருந்துதான் எழுதுவேன். ரப்பர் பால் தலைமுடியிலும் இமையிலும் ஒட்டிக் காய்ந்து, கண்ணைத் திறக்க முடியாமல்தான் அவனைப் பொலிஸ் ஜீப்பில் ஏற்றினார்களாம். அதைக் கேட்டும் என் மனது ஆறவில்லை. சுதாவையும் என்னையும் பளீல் முதலாளி தன் வேனில் அவிசாவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழி முழுக்க அவள் அழவில்லை, குதிரைக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டுக்கொண்டே வந்தாள். குதிரைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

பின்னேரம் தொரை வந்து, ஒரு மரத்தையும் தறிக்கப் போவதில்லை என்று சொன்னாராம். எல்லாரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவரவர் லயத்துக் காம்பிராவுக்குள் போய்விட்டார்களாம். அந்த வார்த்தையைக் காலையிலேயே வந்து சொல்ல என்ன கேடு! அதோடு அடங்கியதா என்றால் அதுவும் இல்லை. மாமா பொண்டாட்டி புஷ்பத்தின் ஆட்கள் எங்கள் விறகுக் கொட்டிலைக் கொளுத்தினார்கள், நம் ஆட்கள் அவள் வீட்டுக் கூரையில் கல்லெறிந்து தகரத்தை ஓட்டையாக்கினார்கள். தண்ணிக்குப் போனால் பீலியில் ஒரு பக்கம் அவர்கள், ஒரு பக்கம் நாங்கள், இடுப்பில் குடமும் மடியில் கத்தியும். பாதை வருவதற்குள் இருக்கிற பாதையில் நடக்க முடியாமல் போய்விட்டது.

போன கிழமை மறியலுக்குப் போய் அவனைப் பார்த்தேன். பாலை எடுக்க முடியாமல் மொட்டை அடித்துவிட்டிருக்கிறார்கள், நெற்றியில் தையல். அக்கா, நான் குதிரையத்தான் வெட்டுனேன், கை குறுக்க வந்துருச்சு என்று அழுதான். என் வாளியும் அப்படித்தான்டா, உன் தல குறுக்க வந்துருச்சு என்றேன். சோற்றுப் பார்சலைக் கொடுக்காமல் கேட் வரைக்கும் வந்துவிட்டு, திரும்பிப் போய்க் கொடுத்தேன். ஏன் என்று கேட்காதே, எனக்கும் தெரியாது. வழக்கின் அடுத்த தவணைக்குப் பிணை கிடைத்துவிடும் என்கிறார்கள். நீ வந்து இறங்கும்போது அவன் லயத்தில்தான் இருப்பான், அதுதான் எனக்குப் பயம்.

அவனை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. சுதாவும் மன்னிக்கவில்லை. மாமா முகத்தைப் பார்க்க மாட்டேன், ஆனா பாதைய விட மாட்டேன் என்கிறாள். கட்டுப் பிரிக்காத கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் படத்தைத் திருத்துகிறாள். இனி மரத்தில் பெயின்ட் இல்லை, கல்லில் சுண்ணாம்பு. குதிரைப் பாதை ரப்பர் மலையைத் தொடாமல் ஆற்றோரமாகப் போக வேண்டும். ஒரு அடையாளம் போடுவதற்கு முன்னாலும் பெரட்டில் சனங்களுக்குச் சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் சம்மதித்தால்தான் வேலைக்கு வருவேன் என்று கொழும்பு ஐயாவிடம் சொல்லிவிட்டாள். நீ கத்தியோடு வந்தால் அந்தப் பாதையும் போகும், நீயும் போவாய், நாளைக்குப் புஷ்பத்தின் பிள்ளைகள் வளர்ந்து உன்னைத் தேடும். மரத்தில் சிவப்பைப் பார்த்ததும் கேட்காமல் கத்தியைத் தூக்கினான் உன் மாமா. போனில் பாதியைக் கேட்டுவிட்டு நீ தூக்குகிறாய். உங்கள் இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம், சொல்லு பார்ப்போம்.

வருகிறதாக இருந்தால் தைப்பொங்கலுக்கு வா. தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் போட்ட பாதையில் நட. வெயிலில் தொப்பி போட்டுக்கொள், இரவுச் சாப்பாட்டை விடாதே. அம்மன் உன்னைக் காப்பாற்றட்டும், நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. அந்த ஒடுங்கின வாளியை நான் எறியவில்லை, இன்றைக்கும் அதில்தான் பால் எடுக்கிறேன். பிடி உறுதியாகத்தான் இருக்கிறது. நீ அடுத்த மாதம் கோபத்தோடு பஸ்ஸை விட்டு இறங்கினால், மாமாவிடம் போவதற்கு முதல் என்னைத் தாண்ட வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
வெள்ளையம்மா