சிவப்பு டேப்புக்கு அந்தப் பக்கம்

பிரேசர் டவுன், பெங்களூரு
7 செப்டம்பர் 2025

அன்புள்ள நிரு,

நான் நலம். நீயும் உன் வேலூர் வெயிலும் எப்படி இருக்கிறீர்கள்? "போன்ல எது கேட்டாலும் 'ம்'ங்கறீங்க, சொல்றதுக்கு ஏதாவது இருந்தா எழுதி அனுப்புங்க" என்று நீ சொன்னதை மதித்து, பத்து வருடத்துக்குப் பிறகு பேனா பிடிக்கிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. நீ திருத்துகிற எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுடையதைவிட மோசமாக இருக்காது.

ஆபீசில் ஒரு புது வேலை கொடுத்திருக்கிறார்கள். கன்சோலில் இணைத்து, கண்ணை மறைத்துத் தலையில் மாட்டி விளையாடுகிற வி.ஆர். ஹெட்செட் அடுத்த தலைமுறைக்குப் போகிறது. சோதனைக்கு முதல் பீஸ் ஜனவரியில் எங்களிடம் வரும். அதற்கு முன்னால் விளையாடுகிறவர்களுக்கு என்னென்ன ஆசை என்று கேட்டுத் தொகுத்துக் கொடு என்கிறார் மேனேஜர் ரவி. ஒயர் இருக்கக் கூடாது, கழுத்து வலிக்கக் கூடாது, கண்ணாடிக்காரர்கள் கண்ணாடியோடு போட வேண்டும், இப்படி ஆயிரம். சிவாஜிநகர் துணிக்கடைக்காரர் ஒருத்தர், "தலை சுத்தாம இருந்தா போதும் சார், படம் எப்படி இருந்தா என்ன" என்றார். ரக்ஷிதா என்று ஒரு காலேஜ் பெண், "உள்ள போய்க் குனிஞ்சு பார்த்தா எனக்குக் காலே இல்ல சார், பேய் மாதிரி இருக்கு. அடுத்ததுல காலாவது குடுங்க" என்றாள். நான் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டேன்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஓனர் முனிராஜ் நேற்று மாடிப்படியில் மடக்கி, "டிசம்பர்ல காலி மாட்தீரா சார், இல்ல புதுசா அக்ரிமெண்ட் போட்டுடலாமா?" என்றார். டிசம்பரில் காலி செய்துவிட்டு வேலூருக்கே வந்துவிடுங்கள், இல்லையென்றால் இனி வரவே வேண்டாம் என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. வருகிறேன். ஆனால் டிசம்பரில் முடியாது, நிரு. பிப்ரவரி வரை பொறுத்துக்கொள்.

பெரிய காரணம் இல்லை. கையில் இருக்கிற பழைய ஹெட்செட்டில் ஒரு சின்னக் கோளாறு. முன்பக்கக் கேமராக்கள் ஹாலைப் பார்த்துக்கொண்டே இருக்கும், யாராவது குறுக்கே வந்தால் ஆட்டத்தை நிறுத்தும் என்று உனக்குத் தெரியுமே. ஜூனில் மறுபடி மாட்டியதிலிருந்து தினமும் சாயங்காலம் நாலு பத்துக்கு நிறுத்துகிறது. 'விளையாடும் இடத்தில் யாரோ வந்திருக்கிறார்கள்' என்கிறது. வீட்டில் நான் மட்டும்தான். கண்டுபிடித்துவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
சங்கர்

*

வேலூர்
15 செப்டம்பர் 2025

அன்புள்ள சங்கருக்கு,

கடிதம் கிடைத்தது. கையெழுத்துக்குப் பத்துக்கு நாலு போடலாம். வீட்டைப் பற்றிக் கேட்டேன், நீங்கள் ஹெட்செட்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். கேள்வியை விட்டுவிட்டுத் தெரிந்ததை எழுதுகிற பிள்ளைக்கு நான் வழக்கமாக முட்டைதான் போடுவேன்.

அந்த மிஷின் கோளாறுக்காகப் பெண்டாட்டியை இன்னும் அஞ்சு மாசம் காக்க வைப்பீர்களா? ஆபீசில் வேறு ஆளே இல்லையா?

நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஹால் தரையில் ஒட்டியிருந்த சிவப்பு டேப்தான் கண்ணில் வந்தது. ஒரு தடவை நீங்கள் ஹெட்செட் மாட்டியிருந்தபோது அம்மா உங்கள் தோளைத் தொட்டுக் கூப்பிட, நீங்கள் அலறிப்போய்க் காபி டம்ளரைத் தட்டிவிட்டீர்கள். அப்புறம்தான் அந்த டேப். "அத்தை, இதைத் தாண்டி வராதீங்க, இங்கயே நில்லுங்க, நானே பார்த்துக் கழட்டுவேன்" என்றீர்கள். அம்மா ஒரு நாள்கூடத் தாண்டியதில்லை. "உன் புருஷன் எனக்குக் கோடு கிழிச்சு வெச்சிருக்கார்டி, நான் கையில காபியோட பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி நிக்கறேன்" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள்.

நவம்பர் பதினெட்டு வந்தால் அம்மா போய் ஒரு வருஷம். அதற்குள் ஒரு முடிவு சொல்லுங்கள். எல்லார் ஆசையையும் எழுதிக்கொண்டீர்களே, புது ஹெட்செட்டில் உங்கள் ஆசை என்ன?

நிருபமா

*

பிரேசர் டவுன்
28 செப்டம்பர் 2025

அன்புள்ள நிரு,

என் ஆசையைக் கேட்டாய். நல்ல கேமரா வேண்டும். அவ்வளவுதான்.

ஏன் என்று சொல்கிறேன், பயப்படாதே. ஒரு கோளாறு என்றால் ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். திரைச்சீலையை மூடினேன். சுவர்க் கண்ணாடியை எடுத்து உள்ளே வைத்தேன். எவர்சில்வர் குடத்தின் மேல் துண்டு போட்டேன். ஹாலை மறுபடி அளந்து பதிந்தேன். ஹெட்செட்டின் கடிகாரத்தை இரண்டு மணி நேரம் தள்ளிக்கூட வைத்துப் பார்த்தேன், அது ஏமாறவில்லை. ஊர்க் கணக்கில் நாலு பத்து ஆனால்தான் நிற்கிறது. கீழ் வீட்டு கேரல் ஆன்ட்டியைக் கெஞ்சிக் கூட்டி வந்து மாட்டிவிட்டேன். அவருக்கும் நின்றது. கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, "யாருப்பா உன் பின்னால நிக்கறது? ஃபாதரைக் கூட்டிட்டு வந்து ஒரு ஜெபம் பண்ணிடு சங்கர்" என்றார். அதற்கப்புறம் மாடிக்கே வருவதில்லை. தருகிற கேக்கைக்கூடக் கயிற்றுக் கூடையில் வைத்து, நான் மேலே இழுத்துக்கொள்ளக் கீழிருந்தே மணி அடிக்கிறார்.

நிற்கும்போது ஹெட்செட் இரண்டு வினாடி வெளியே இருக்கிற ஹாலைக் காட்டும். கறுப்பு வெள்ளை, மழை நாள் டிவி மாதிரி புள்ளி புள்ளியாக நடுங்கும். ஓர் இடத்தில் மட்டும் புள்ளிகள் நடுங்குவதில்லை. என் தோள் உயரத்துக்கு ஒரு ஆள் அகலம். டேப் ஒட்டியிருந்த இடம். டேப்பை நான் போன வருஷமே உரித்துவிட்டேன்.

சோதனைக்காரர்களுக்கு மட்டும் திரையின் மூலையில், வந்தவருக்கும் நமக்கும் உள்ள தூரம் காட்டும். ஜூனில் 1.9 மீட்டர். ஆகஸ்டில் 1.6. நேற்று 1.3.

புதிதில் கலர் கேமரா, இதைவிட எட்டு மடங்கு தெளிவு என்கிறார்கள். அது ஜனவரியில் வரும். இந்த ஹாலில்தான் மாட்டிப் பார்க்க வேண்டும், வேறு வீட்டில் முடியாது. அதனால்தான் பிப்ரவரி என்றேன்.

சங்கர்

*

வேலூர்
5 அக்டோபர் 2025

சங்கருக்கு,

உங்கள் கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் படித்தேன். சௌம்யா டீச்சர் என்னவென்று கேட்டார், மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். அது அம்மா என்று நினைக்கிறீர்களா?

அம்மா விழுந்தபோது நீங்கள் வீட்டில் இல்லை, பால் வாங்கப் போயிருந்தீர்கள் என்று சொன்னீர்கள். திரும்பி வந்து பார்த்தால் ஹாலில் கிடந்தாள் என்றீர்கள். அப்படியானால் அந்த மிஷினுக்கும் அம்மாவுக்கும் என்ன? அவள் ஏன் அந்த டேப் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும்?

இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

நிருபமா

*

பிரேசர் டவுன்
19 அக்டோபர் 2025

நிரு,

விடிந்தால் தீபாவளி. தெருவில் இப்போதே வெடிக்கிறார்கள். இதை நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

நான் பால் வாங்கப் போகவில்லை. வீட்டில்தான் இருந்தேன். ஹாலில், ஹெட்செட் மாட்டிக்கொண்டு.

அன்றைக்கு ஆறு பேர் சேர்ந்து சோதனை ஆட்டம். காதில் அவர்கள் கத்துகிற சத்தம்தான் கேட்டது. நாலு பத்துக்கு ஆட்டம் நின்று, 'யாரோ வந்திருக்கிறார்கள்' என்று வந்தது. அத்தை காபியோடு டேப்பைத் தாண்டிவிட்டார் என்று நினைத்தேன். எரிச்சலாக வந்தது, நிரு. இதைச் சொல்லத்தான் ஒரு வருஷம் ஆயிற்று. இத்தனை தடவை சொல்லியும் தாண்டுகிறாரே என்று எரிச்சல். கீழே 'தொடர்க' என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினேன்.

நாலு முப்பத்தைந்துக்குக் கழற்றினேன். அத்தை கீழே கிடந்தார். கால் டேப்புக்கு அந்தப் பக்கம், கை என் பக்கம். விரல் என் செருப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. டாக்டர், அரை மணி முன்னால் கொண்டு வந்திருந்தால் என்று ஆரம்பித்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

காபி இல்லை, நிரு. கையில் டம்ளரே இல்லை. எனக்குக் காபி கொண்டு வரவில்லை அவர்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஜூனிலிருந்து தினமும் அந்த எச்சரிக்கை வருகிறதே, ஒரு நாள்கூட நான் அப்போது கழற்றியதில்லை. ஒவ்வொரு நாளும் 'தொடர்க'தான். கழற்றினால் யாரும் இருக்க மாட்டார் என்று பயமா, இருப்பார் என்று பயமா, தெரியவில்லை. நல்ல கேமரா வந்தால் கழற்றாமலே முகத்தைப் பார்த்துவிடலாம். கோபமாக இருக்கிறாரா என்று மட்டும் பார்க்க வேண்டும். அதுதான் என் ஆசை.

நேற்று 0.9 மீட்டர்.

நீ என்ன முடிவு எடுத்தாலும் சரி.

சங்கர்

*

வேலூர்
2 நவம்பர் 2025

அன்புள்ள சங்கருக்கு,

எனக்குத் தெரியும்.

நீங்கள் வீட்டில் இருந்தீர்கள் என்று அன்றைக்கே தெரியும். நாலு ஐந்துக்கு அம்மா என்னைப் போனில் கூப்பிட்டாள். நான் பள்ளிக்கூடத்தில் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். "நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குதுடி. மாப்பிள்ளை அந்த விளையாட்டுக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு இருக்கார். உள்ள போய்க் கூப்பிடட்டுமா?" என்று கேட்டாள். அனுமதி கேட்டாள், சங்கர்.

"கேஸாத்தான் இருக்கும்மா, சுடுதண்ணி குடி. அவருக்கு ஆபீஸ் வேலை, தொந்தரவு பண்ணாத, முடிச்சிட்டு வருவார்" என்றேன். முப்பது பேப்பர் பாக்கி. வைத்துவிட்டேன். அவள் இன்னும் அஞ்சு நிமிஷம் அந்த டேப்பில் நின்றிருக்கிறாள், நான் சொன்னதற்காக.

நீங்கள் பால் என்று பொய் சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. நீங்கள் உண்மையைச் சொன்னால் நானும் சொல்ல வேண்டும். வேலூருக்கு வந்தது உங்கள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் இல்லை. அம்மா எனக்குப் போன் செய்தாளா என்று ஒரு நாள் நீங்கள் கேட்டுவிடுவீர்களோ என்றுதான். ஒரு வருஷமாக உங்களைக் குற்றவாளி மாதிரி நிற்க வைத்துவிட்டு நான் பக்கத்தில் நல்லவளாக இருந்தேன். என்னை மன்னியுங்கள்.

ஜனவரி வரை அவளைக் காக்க வைக்க வேண்டாம். பதினெட்டாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். நாலு மணிக்கு நான் மாட்டிக்கொள்கிறேன். நீங்கள் சமையலறையில் இருங்கள்.

உங்கள் நிரு

*

பிரேசர் டவுன்
24 நவம்பர் 2025

அன்புள்ள நிரு,

சாந்திநகரில் உன்னை பஸ் ஏற்றிவிட்டு வந்தபோது கேரல் ஆன்ட்டி கூடையோடு மேலே வந்திருந்தார். வாசலில் நின்று ஹாலை ஒரு நோட்டம் விட்டார். பிறகு உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்தார்.

நீ ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நின்றதைச் சமையலறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உன் முகத்தில் பாதி தெரியவில்லை. நானும் இப்படித்தான் இருந்திருப்பேன் இல்லையா, அத்தை பார்த்தபோது? நாலு பத்துக்கு உன் தோள் விறைத்தது. நீ ஒரு வினாடிகூட யோசிக்காமல் கழற்றினாய். கைக்கு எட்டுகிற தூரத்தில் வெறும் தரையைப் பார்த்து, "சொல்லும்மா, என்ன பண்ணுது?" என்றாய். அதைக் கேட்டதும் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு வருஷத்துக்கு முன்னால் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

பத்தொன்பதாம் தேதியிலிருந்து எச்சரிக்கை வரவில்லை. நாலு பத்து ஆகிறது, ஆட்டம் போய்க்கொண்டே இருக்கிறது. படம் முழுக்கப் புள்ளிகள் ஒரே மாதிரி நடுங்குகின்றன. நிம்மதியாக இருக்க வேண்டும். ஆனால் நாலு மணி ஆனதும் காது வாசல் பக்கம் போகிறது.

ஆசைகளின் பட்டியலை ரவிக்கு அனுப்பிவிட்டேன். ஒயர், எடை, ரக்ஷிதாவின் கால் எல்லாம் போட்டு, கடைசியில் என்னுடையது ஒன்று. யாரோ வந்திருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு 'தொடர்க' என்ற பொத்தானே இருக்கக் கூடாது; கழற்றிப் பார்த்தால்தான் மறுபடி ஆட முடிய வேண்டும். ரவி போன் செய்து, "என்ன சார், விளையாடறவன் நம்மள திட்டுவான்" என்றார். "திட்டட்டும், எடுக்காதீங்க" என்றேன். எடுத்துவிடுவார் என்றுதான் நினைக்கிறேன்.

ஜனவரி பீஸை வேறு ஆளிடம் கொடுக்கச் சொல்லிவிட்டேன். முனிராஜிடமும் சொல்லியாயிற்று. டிசம்பர் இருபதாம் தேதி சாமான்களோடு வருகிறேன், நீ சரி என்றால்.

சங்கர்

*

வேலூர்
1 டிசம்பர் 2025

அன்புள்ள சங்கருக்கு,

சரி. வாருங்கள்.

வருவதற்கு முன்னால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். இன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஸ்டாஃப் ரூமில் தனியாகப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ வந்து நிற்கிற மாதிரி இருந்தது. கொஞ்சம் தள்ளி, தொந்தரவு செய்யாமல். மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்டது. கடிகாரத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க வேண்டியதும் இல்லை. இருபத்திரண்டு பேப்பர் பாக்கி இருந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டுத் திரும்பினேன்.

யாரும் இல்லை. பயமாக இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரும்மா" என்றேன். இருட்டுகிற வரை நானும் உட்கார்ந்திருந்தேன். நாளைக்கும் அப்படித்தான் செய்யப்போகிறேன், பேப்பர் எங்கே போகிறது.

ஹெட்செட்டைக் கொண்டு வாருங்கள், உங்கள் பிழைப்பு அது. முன்னறையில் இடம் ஒதுக்கியிருக்கிறேன். டேப் மட்டும் வேண்டாம். உங்களிடம் எனக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் நேராக வந்து தோளில் தட்டுவேன், அலறினால் அலறுங்கள். நான் வேலையாக இருந்தால் நீங்களும் அப்படியே தட்டுங்கள். இந்த வீட்டில் இனிமேல் யாரும் நின்று காத்திருக்க வேண்டாம்.

உங்கள்
நிரு